வட்ட விளக்குக்கு வெளியே

ஜூன் 3, செவ்வாய்

சில்லறைக்கு முன்பல் விழுந்துவிட்டது. மேல் வரிசையில், இடது பக்கம்.

காலையில் ஷட்டரைத் தூக்கி, கல்லாவைத் துடைத்துவிட்டுப் போனில் அவளுடைய இன்றைய வீடியோவைத் திறந்தேன். "எல்லாருக்கும் காலை வணக்கம்" என்று வாயைத் திறந்தாள். அங்கே ஒரு ஜன்னல். "என் பல்லு எங்க போச்சு சொல்லுங்க பாக்கலாம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள். என்னை மட்டுமா கேட்கிறாள், ஊர் உலகத்தையே கேட்கிறாள். என் மகளுக்குப் பல் விழுந்த செய்தி எனக்கும் முகம் தெரியாத ஏதோ ஒரு பல் டாக்டருக்கும் ஒரே நேரத்தில்தான் கிடைக்கிறது. அந்த டாக்டர் கீழே கருத்து வேறு எழுதியிருக்கிறார், வலி இருந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி. நான் என்ன எழுதுவது?

அவர்களுக்கெல்லாம் அவள் பட்டு. 'பட்டுவின் ஒரு நாள்' என்று சேனல். எனக்கு மட்டும் சில்லறை. தவழ்கிற வயசில் கல்லாவுக்குள் கைவிட்டுக் காசையெல்லாம் கடை முழுக்க இறைத்தவள். இப்போது எட்டு வயசு. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட என்னைத் தவிர ஆளில்லை. நானும் கூப்பிடுகிற தூரத்தில் இல்லை. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் அம்மாவோடு இருக்கிறாள்.

வீடியோ முடிவில் எப்போதும் போலக் கேமராக் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டினாள். எங்கள் கடையில் கற்றுக்கொண்டது அது. கண் சிமிட்டுகிற டியூப் லைட்டை ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினால் எரிந்துவிடும். மூன்று வயசில் என் தோளில் உட்கார்ந்து அவள்தான் தட்டுவாள். இப்போது பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் அப்படித் தட்டுகிறார்களாம். அவளுடைய மாமன் அதைப் பனியனில் அச்சடித்து விற்கலாமா என்று யோசிக்கிறானாம். அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது போதும்.

"பொண்ணு எழுந்தாச்சா முதலாளி?" என்றார் பில் போடும் அக்கா. தினமும் கேட்பார்.

"எழுந்தாச்சு. பல்லுதான் போச்சு."

"அப்ப அப்பா ஜாடை வந்துருச்சுன்னு சொல்லுங்க."

என் கடைவாய்ப் பல் போன கதை அவருக்குத் தெரியும். டியூப் லைட் லோடு வந்தது. ஒரு பெட்டி உடைசல். லாரிக்காரனிடம் பேசி, பாதி விலையை அவன் தலையில் கட்டினேன்.

ஜூன் 7, சனி

கோர்ட் எனக்குக் கொடுத்தது மாதத்தில் முதல் சனி, மூன்றாம் சனி. இன்று முதல் சனி. பை தயாராக இருந்தது. ஒரு சட்டை, துண்டு, அவளுக்கு ஒரு சாவிக்கொத்து டார்ச். புதுச் சரக்கு, தவளை மாதிரி இருக்கும், அமுக்கினால் வாய் திறந்து வெளிச்சம் வரும்.

கிளம்பும்போது அவளுடைய அம்மாவிடமிருந்து செய்தி. "இன்னைக்கு ஷூட்டிங். பொம்மை கம்பெனிக்காரங்க வர்றாங்க. மாத்த முடியல. நீங்கதான் தினமும் பாக்கறீங்களே."

தினமும் பார்க்கிறேன். உண்மைதான். இப்படியே எத்தனையோ சனி போயிற்று. கடைசியாக நேரில் பார்த்தபோது அவளுக்குப் பல் எல்லாம் இருந்தது.

பையைப் பிரிக்கவில்லை. அப்படியே பரண்மேல் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் வீடியோ வரவில்லை. மின்விசிறி கேட்டவருக்கு பல்பு எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வந்தது.

ஜூன் 14, சனி

மகனை வைத்துச் சமையல் வீடியோ போடுகிற தம்பதி கடைக்கு வந்தார்கள். வீடியோ எடுக்கும்போது முகத்துக்கு எதிரே வைக்கிற வட்ட விளக்கு மூன்றை என்னிடம் வாங்கியவர்கள், நல்ல வாடிக்கை. அந்தத் தம்பி முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, அடுத்த மாசம் புதுச் சட்டம் வருதாம். வந்தா இந்த லைட்டை எல்லாம் திருப்பி எடுத்துப்பீங்களா?"

"சட்டத்துக்கெல்லாம் வாரண்டி கிடையாது தம்பி."

அவன் மனைவி சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. அவன் சொன்ன பிறகு நானும் செய்தியைத் தேடிப் படித்தேன். வீடியோவில் நடித்துச் சம்பாதிக்கிற பதினாறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு லைசென்ஸ் வேண்டும். இரவு ஏழுக்கு மேல் படம் பிடிக்கக் கூடாது, பள்ளி நேரத்தில் கூடாது. வருகிற பணத்தில் ஒரு பங்கு பிள்ளை பெயரில் வங்கியில் பூட்டிக் கிடக்கும். பதினெட்டு வரை யாரும் தொட முடியாது, பெற்றவர்களும்தான். பிள்ளை பிறகு "இதை எடுத்துவிடு" என்று சொன்னால் வீடியோவை எடுத்தாக வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் முன்னால் அதிகாரி பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். பெற்றோர் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும்.

எனக்கு வியாபாரப் புத்தி. பணம் பூட்டிக் கிடக்கும் என்றதும் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிடம், வட்ட விளக்கு வியாபாரம் படுத்துவிடுமே என்று கணக்கு நோட்டைப் புரட்டினேன். இந்த இரண்டு வருடமாகக் கடையைத் தூக்கி நிறுத்துவதே அந்த விளக்குதான். இதை எழுதத்தான் வேண்டும். எனக்கு நானே பொய் எழுதி யாரிடம் விற்கப் போகிறேன்?

பிறகு வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கடைசி வரி உறைத்தது. இரண்டு பேரும். அப்படியென்றால் நானும்.

ஜூன் 19, வியாழன்

என் வழக்கைப் பார்த்த வக்கீலம்மா போன் செய்தார். "உங்க கையெழுத்து இல்லாம அவங்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. அவசரப்பட்டுப் போட்டுடாதீங்க. அதுக்காகப் போட மாட்டேன்னும் நிக்காதீங்க. யோசிங்க."

பிரிந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு நான் வேண்டாத ஆள். இன்றைக்கு சந்தையில் வேறெங்கும் கிடைக்காத சரக்கு என்னிடம் மட்டும் இருக்கிறது. எனக்கு அந்த நிலைமை பிடித்திருந்தது. மறைப்பானேன்.

மத்தியானம் மைத்துனன் கூப்பிட்டான். படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவன்தான். இரண்டு வருடமாக என் நம்பர் அவனுக்கு மறந்திருந்தது.

"மச்சான், எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் நல்லா இருக்கா?"

"விஷயத்துக்கு வா மாப்ள."

"ஒண்ணுமில்ல மச்சான், ஒரு கையெழுத்து. சடங்கு மாதிரி. நான் என்ன நினைச்சேன்னா, பட்டு உங்க கடைக்கு வர்ற மாதிரி ஒரு வீடியோ போட்டுடுவோம். அப்பா கடை, லைட்டு, தட்டு... ஜனம் அழுதுடும். கூட்டம் அள்ளும் உங்களுக்கு."

அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயசில் அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். ஆனால் அவன் சொன்னதும் என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? வாசல் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஓடியது. அவள் இந்தப் படியேறி வருவது, ஏணியில் உட்கார்வது. கூட்டம் வருகிறதோ இல்லையோ, அவள் வருவாளே.

"யோசிச்சு சொல்றேன் மாப்ள," என்றேன். குரல் எனக்கே குழைவாகக் கேட்டது.

ஜூன் 24, செவ்வாய்

மூன்றாம் சனியும் ஷூட்டிங் என்று போயிற்று. இன்றைய காலை வணக்கத்தை நாலைந்து முறை பார்த்தேன். அப்பனாக அல்ல, விளக்குக்காரனாக.

ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டபடி எழுந்திருக்கிறாள். திரை முழுக்க வெயில் மாதிரி வெளிச்சம். அது வெயில் இல்லை. வெயில் ஒரு பக்கமாக விழும், நிழல் சாயும். இது நேர் எதிரே இருந்து வருகிறது. அவள் கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு வட்டம், கீழே இடது ஓரத்தில் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். அது என் விளக்கு. ஆறாவது பிறந்தநாளுக்கு அவள் கேட்டு நான் அனுப்பியது. வந்த ஒரு மாதத்தில் ஒரு துண்டு எரியவில்லை என்று சொன்னார்கள். மாற்றித் தருகிறேன் என்று சொன்னேனே தவிர மாற்றவில்லை. வேண்டுமென்றேதான். அவள் கண்ணில் அந்த ஓட்டை வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே நான் கொஞ்சம் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் கருப்பு. இது காலை இல்லை. முந்தின ராத்திரி எடுத்த காலை. அந்தக் கொட்டாவி நடிப்பும் இல்லை. தூக்கம் வருகிற பிள்ளையை எழுந்திருக்கிற பிள்ளையாக்கி உட்கார வைத்திருக்கிறார்கள்.

என் வெளிச்சத்தில்.

ஜூன் 25, புதன்

அவளுடைய அம்மாவை நானே கூப்பிட்டேன். "ராத்திரியில எதுக்கு எடுக்கறீங்க? அவளுக்குக் காலையில ஸ்கூல் இல்லையா?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"விளக்கு சொல்லுச்சு."

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டாள். நான் பகல்ல ஆபீஸ் போறேன், சாயங்காலம்தான் வீட்டுல இருக்கேன், வேற எப்ப எடுக்கறது? வாடகை யாரு கட்டறது? "நீங்க அவ வயசுல என்ன பண்ணிட்டிருந்தீங்க? பஸ் ஸ்டாண்டுல பேட்டரி வித்தேன், பேட்டரி வித்தேன்னு ஆயிரம் தடவை பெருமை பேசினவர்தானே?"

உண்மைதானே. ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கி விற்றவன்தான். அதை வைத்துத்தான் இந்தக் கடை. போனை வைத்த பிறகு கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் பதில் வந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான். நான் வித்தது பேட்டரி. விக்காத பேட்டரியைப் பையில போட்டு மூடிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். வீட்டுக்குள்ள நான் வேற பையன். அவ எங்க போவா? அவ எழுந்திரிக்கறது, பல் விழறது, சாப்பிடறது, தூங்கறது — எல்லாமே கடைதானே அவளுக்கு?

இதை அவளுடைய அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 28, சனி

பேரம் முடிந்தது. வக்கீலம்மா மூலமாக என் நிபந்தனைகளை அனுப்பினேன். ராத்திரி படப்பிடிப்பு கிடையாது. சனிக்கிழமை கிடையாது, அது என் நாள். சட்டம் சொல்கிற பங்குக்கு மேலேயே அவள் பெயரில் பூட்டி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். நான் கேட்டது எல்லாம் கிடைத்த பேரம் என் ஆயுசில் இதுதான். அப்படியென்றால் குறைத்துக் கேட்டுவிட்டேனோ என்ற சந்தேகமும் வந்தது. சுபாவம்.

பில் அக்காவிடம் சொன்னேன். "எல்லாருக்கும் லாபம். அவளுக்கும் தொல்லை குறையும், நானும் தினமும் பாத்துக்கலாம்."

அவர் ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தக் கடைசி நிபந்தனை மட்டும் காகிதத்துல காணோமே முதலாளி."

"எது?"

"தினமும் பாத்துக்கறது."

சிரித்துக்கொண்டே போய்விட்டேன். குத்தியது.

ஜூலை 5, சனி

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

குழந்தைகள் நல அதிகாரி அலுவலகம், இரண்டாவது மாடி. நீளமான பெஞ்சு, தண்ணீர் கேன், ஒரு மூலையில் பொம்மை அலமாரி. ஒரு டியூப் லைட் சிமிட்டிக்கொண்டிருந்தது. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அவளுடைய அம்மா பெஞ்சின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். மைத்துனன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தான். சில்லறை உள்ளே அதிகாரியம்மாவோடு இருந்தாள்.

கதவு திறந்து வெளியே வந்தாள்.

போனில் அவள் எப்போதும் என் உள்ளங்கை அளவுதான். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அதில் தெரியாது. என் இடுப்புக்கு மேலே வந்துவிட்டாள். கை நீளமாகிவிட்டது. முழங்கையில் ஒரு காயம், காய்ந்து பக்குத் தட்டியிருந்தது; அதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. "சில்லறை," என்றேன். அவள் சிரித்தாள். எல்லாருக்கும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. அதற்குப் பிறகுதான் ஓடி வந்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு நொடியை நான் மறக்க மாட்டேன்.

என்னைக் கையெழுத்துக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பேனாவைத் திறந்துவிட்டேன். அதிகாரியம்மா கையமர்த்தினார். என்னைவிட வயசில் சின்னவர்.

"சார், குழந்தை பேசினதை எல்லாம் நான் வெளியே சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் அப்பாகிட்ட சொல்லலாமான்னு கேட்டேன், சொல்லுங்கன்னா."

"சொல்லுங்கம்மா."

"வீடியோ பிடிக்குதான்னு கேட்டேன். முன்னாடி பிடிச்சுது, இப்ப கண்ணு எரியுதுன்னா. அப்ப நிறுத்திடலாமான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டினா. ஏன்னு கேட்டா, நிறுத்தினா அப்பா என்னை எதுல பாப்பாங்கங்கறா."

அந்த அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தட்டு உங்களுக்குத்தானாமே," என்றார். "அதைத் தட்டினாத்தான் தான் இருக்கறது உங்களுக்குத் தெரியுமாம்."

பேனாவை மூடினேன். "நான் கொஞ்சம் வெளிய பேசிட்டு வரேம்மா," என்றேன். போதும். மிச்சம் நாளைக்கு.

ஜூலை 6, ஞாயிறு

கையெழுத்துப் போடவில்லை.

வெளியே வந்து அவளுடைய அம்மாவிடம் சொன்னேன், அதிகாரி சொன்னதை அப்படியே. முதலில் நம்பவில்லை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அவகிட்ட நீங்கதான சொன்னீங்க? போன்ல பேசறப்பெல்லாம், அப்பா தினமும் உன்னைப் பாக்கறேன், தினமும் உன்னைப் பாக்கறேன்னு."

"ஆமா. நான்தான்."

"நானும் சொன்னேன்," என்றாள் மெதுவாக. "அழறப்ப சொல்லுவேன். அப்பா பாத்துட்டிருக்காங்க, சிரின்னு."

இரண்டு பேருக்கும் அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை.

மைத்துனன்தான் ஆரம்பித்தான். "என்ன மச்சான், எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டோம், கடைசி நிமிஷத்துல பின்வாங்கினா என்ன வியாபாரம் இது?"

"வியாபாரம் இல்ல மாப்ள. அதான் இவ்வளவு நேரம் எனக்குப் புரியல."

"வாடகைக்கு?" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

"எவ்வளவுன்னு சொல்லு."

"பேரம் பேசவா?"

"பேசல. சொல்லு."

சொன்னாள். சரி என்றேன். கொஞ்சம் அதிகம்தான். வாய் துறுதுறுத்தது, மூடிக்கொண்டேன்.

பிறகு பொம்மை அலமாரி பக்கம் போய் உட்கார்ந்து சில்லறையிடம் சொன்னேன். இனிமே வீடியோ வேண்டாம் கண்ணு, அப்பா நேர்ல வந்து பாக்கறேன்.

"எப்போ?"

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழமை?"

"மூணாவது. அப்புறம் முதல். அப்புறம் மூணாவது."

ஒரு நல்ல வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "அப்ப மத்த நாள்ல என்னை எதுல பாப்பீங்க?"

பதில் இல்லை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் யோசித்தும் இல்லை. தவளை டார்ச் பையிலேயே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த கடைசி ஒன்றைப் போட்டார்கள். பள்ளிக்கூடப் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டுகிறாள். முடிவில் இரண்டு தட்டு. திரை கருத்துவிட்டது. கருப்பில் என் முகம்தான் தெரிந்தது, மூக்கும் கண்ணாடியுமாக.

ஜூலை 15, செவ்வாய்

ஷட்டரைத் தூக்கினேன், போனை எடுத்தேன், வைத்தேன். "பொண்ணு எழுந்தாச்சா?" என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 17, வியாழன்

சமையல் தம்பதி வந்தார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டார்களாம். பையன் அதிகாரியிடம், சனி ஞாயிறு மட்டும்தான் செய்வேன், முட்டை உடைப்பது மட்டும் வேறு யாராவது செய்யட்டும் என்றானாம். அந்தத் தம்பி இப்போது உற்சாகமாக இருந்தான். "சட்டம் நல்லதுதான் அண்ணே. அவனும் ஜாலியா இருக்கான்." விளக்குக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போனான்.

எல்லாப் பிள்ளைக்கும் இது விஷம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையனுக்கு அப்பன் பக்கத்திலேயே நிற்கிறான். எனக்குப் பொறாமையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

போனேன். ஒரு பூங்கா, ஊஞ்சல், பெஞ்சு. பிஸ்கட் வாங்கினோம். அவள் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி, முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப என்னப்பா பண்ணட்டும்?"

"எது வேணாலும் பண்ணு."

"ஊஞ்சல் ஆடட்டா?"

"உனக்குத் தோணினா ஆடு."

போய் ஆடினாள். ஒவ்வொரு முறை முன்னால் வரும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே என்று போனை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம், கால் நேராக நீண்டது, தலை கொஞ்சம் சாய்ந்தது, முடி கண்ணில் விழாமல் ஒதுக்கிக்கொண்டாள். நான் பொத்தானை அமுக்கவில்லை. போனைப் பையில் போட்டதும், "நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

திரும்பி வந்து பையைப் பார்த்தால் டார்ச். மறுபடியும் மறந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் என் பக்கத்தில் இருந்தும் அவளைப் பார்க்க ஏக்கமாக இருந்தது. இப்படி ஒன்று உண்டா?

ஜூலை 25, வெள்ளி

வக்கீலம்மா கூப்பிட்டார். பழைய வீடியோக்களில் எதெல்லாம் வேண்டாம் என்று பிள்ளை சொல்லலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அதிகாரி அவளை மறுபடி கூப்பிட்டுக் கேட்டாராம். முதலில் மூன்று சொன்னாளாம். பல் டாக்டரிடம் அழுதது, ஜுரத்தில் படுத்திருந்தது, கணக்கில் மார்க் குறைந்ததை மாமா கிண்டல் செய்தது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துடலாமா?" என்றாளாம்.

"அம்மா சரின்னுட்டாங்க," என்றார் வக்கீலம்மா. "நீங்க?"

பதினைந்தாம் தேதியிலிருந்து நான் காலையில் பழையதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதவில்லை, ஆனால் பார்க்கிறேன். அவள் ஆறு வயசில் மழைக்கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கை எங்கே என்று தேடுவது ஒன்று உண்டு. அதுதான் என் மருந்து.

"சரி," என்றேன். வக்கீலம்மாவுக்கு என் குரல் கேட்கவில்லை போல. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 28, திங்கள்

அக்கா சொன்னார், "எடுக்கறதுக்கு முன்னாடி உங்க போன்ல இறக்கி வச்சுக்குங்க முதலாளி. ஒரு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போகுது?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கையில் போன். மழைக்கோட்டு வீடியோ திறந்திருந்தது. அவள் எல்லாத்தையும் என்றாள். என்னுடையதைத் தவிர என்று சொல்லவில்லை.

ஒருமுறை கடைசி வரைக்கும் பார்த்தேன். கை கிடைத்துவிட்டது, அவளுக்கு. மூடினேன்.

ஜூலை 30, புதன்

அவள் சேனலில் எதுவும் இல்லை. ஒரு சாம்பல் கட்டம், அதில் ஒரு வரி.

ஆகஸ்ட் 2, சனி

முதல் சனி. பரணிலிருந்து பையை எடுத்தபோதே டார்ச்சை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், இந்த முறை மறக்கக் கூடாது என்று.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். நீச்சல் குளத்துக்குப் போகிறோம். டார்ச்சைக் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. அமுக்கினாள். தவளை வாயைத் திறந்தது, வெளிச்சம் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். ஜூனிலிருந்து பைக்குள் அமுங்கியே கிடந்திருக்கிறது, பேட்டரி செத்துப் போயிருக்கிறது.

"எரியலப்பா."

"இரு, குடு." தட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டு. ம்ஹூம்.

"லைட்டுக் கடைதான வச்சிருக்கீங்க?"

"பேட்டரி போட்டா எரியும் சில்லறை."

"இப்பவே போடுங்க."

"பஸ்ஸுல பேட்டரிக்கு எங்க போறது?"

"நீங்க பஸ்ஸுலதான வித்தீங்க. அம்மா சொன்னாங்க."

முன் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அது இவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், முகம் உப்பியது. புருவம் சுருங்கியது, கீழுதடு பிதுங்கியது, விழுந்த பல்லின் இடத்தில் பாதி முளைத்த புதுப்பல் கோணலாகத் தெரிந்தது. முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சமாதானப்படுத்த, முன்சீட்டுக் கம்பியில் விரலால் இரண்டு தட்டு தட்டினேன்.

"சும்மா இருங்கப்பா."

இருந்தேன்.

இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருடம் தினமும் பார்த்தேன், இது ஒரு நாளும் வரவில்லை. வந்திருந்தாலும் மைத்துனன் வெட்டியிருப்பான். ஜன்னல் கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. அதில் வட்டம் எதுவும் இல்லை. கடைப் பலகைகளும் மரங்களும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தால் இன்னும் கோபப்படுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

குளம் வரைக்கும் பேசவில்லை. தண்ணீரில் இறங்கியதும் மறந்துவிட்டாள். நான் மறக்கப் போவதில்லை.

படம் எடுக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும், அவள் பள்ளிக்குக் கிளம்புமுன் போன் போட்டேன். இனிமேல் தினமும் இப்படித்தான் என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பேரம் பேசாமல், கேட்டு.

"சில்லறை, நேத்து என்ன பண்ணின?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமேவா?"

"ம். டார்ச்சுக்கு பேட்டரி போட்டேன். அவ்வளவுதான். அப்பா, லேட்டாவுது, வச்சிடவா?"

வைத்துவிட்டாள். நேற்றெல்லாம் என்ன சாப்பிட்டாள், யாரோடு விளையாடினாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், ஒன்றும் எனக்குத் தெரியாது.

"பொண்ணு எழுந்தாச்சா முதலாளி?" என்றார் அக்கா.

"எழுந்தாச்சாம்," என்றேன்.